அணியத்தக்க உடல்நல உணரிகள்

அணியத்தக்க உடல்நல உணரிகள் என்பன உடலின் மீது அணியப்பட்டோ தோலில் ஒட்டப்பட்டோ இருந்து, உடலியங்கியல் மாற்றங்களை இடைவிடாது அளந்து பதிவு செய்யும் சிறு மின்னணுக் கருவிகள் ஆகும். கைக்கடிகாரம், மோதிரம், மார்புப் பட்டை, ஒட்டுப்பட்டை, விரற்கவ்வி எனப் பல வடிவங்களில் இவை கிடைக்கின்றன. இதயத் துடிப்பு, குருதியின் ஆக்சிசன் நிறைவு, உடல் வெப்பநிலை, மூச்சு வீதம், குளுக்கோசு அளவு, உறக்கம் ஆகியவற்றை இவை கணிக்கின்றன. உயிரினங்களின் மின், வேதி நிகழ்வுகளையும் மின்னணுச் சுற்றுகளையும் இணைத்து ஆராயும் உயிர்மின்னணுவியல் இக்கருவிகளுக்கு அடிப்படையாக உள்ளது.

இத்துறையைப் புரிந்துகொள்ள ஒரு செய்தி இன்றியமையாதது. பெரும்பாலான அணியுணரிகள் தாம் காட்டும் எண்ணை நேரடியாக அளப்பதில்லை. அவை தோலில் இருந்து திரும்பி வரும் ஒளியையோ ஒரு சிறு மின்னழுத்தத்தையோ மின்னோட்டத்தையோ மட்டுமே அளக்கின்றன. அதனை "ஆக்சிசன் 96 விழுக்காடு" என மாற்றித் தருவது, முன்னரே சில மனிதர்களைக் கொண்டு உருவாக்கப்பட்ட ஓர் அளவுத்திருத்த வரைவு ஆகும். அந்த மனிதர்கள் யார், அவர்கள் எவ்வகைத் தோலும் எவ்வகைச் சூழலும் உடையோர் என்பதைப் பொறுத்தே கருவியின் நம்பகத்தன்மை அமைகிறது.

வரலாறு

உடலின் மின் குறிப்புகளைப் பதிவு செய்வதில் முதற்பெரும் வெற்றி கண்டவர் நெதர்லாந்தைச் சேர்ந்த வில்லெம் ஐந்தோவன் ஆவார். 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவர் அமைத்த இழைக் கால்வனோமீட்டர் ஏறத்தாழ 270 கிலோகிராம் எடை கொண்டிருந்தது. நோயாளி தன் கைகளையும் ஒரு காலையும் உப்புநீர் நிறைந்த கலங்களில் வைத்துக்கொண்டு அசையாமல் அமர்ந்திருக்க வேண்டும். இதய மின்வரைவுக்காக 1924 இல் இவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

கருவியை நோயாளியுடன் நடக்க வைத்தவர் அமெரிக்க இயற்பியலாளர் நார்மன் ஹோல்ட்டர். 1940களின் இறுதியில் இவர் செய்த முதல் கருவி முதுகில் சுமக்கும் மூட்டையாக இருந்தது. அதன் எடை ஏறத்தாழ 38 கிலோகிராம். திரிதடையம் வந்த பின்னர் அது கையடக்க அளவுக்குச் சுருங்கியது. 1961 இல் இவர் வெளியிட்ட கட்டுரைக்குப் பின் நாள் முழுவதும் இதய மின்வரைவைப் பதிவு செய்யும் முறை மருத்துவமனைகளில் பரவியது. இன்றும் இதய மருத்துவர்கள் "ஹோல்ட்டர் வைத்துப் பார்க்கலாம்" என்று கூறுவது இவர் பெயராலேயே ஆகும். 1962 இல் லேலண்ட் கிளார்க்கும் சாம்ப் லயன்சும் நொதி பூசிய மின்முனையை முன்மொழிந்தனர். இக்காலக் குளுக்கோசு உணரிகளுள் பெரும்பாலானவற்றுக்கு மூலம் இதுவே. விளையாட்டு வீரர்களுக்கான கம்பியில்லா இதயத் துடிப்புமானியைப் பின்லாந்தின் போலார் நிறுவனம் 1982 இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

துடிப்பு ஆக்சிசன்மானியின் (பல்ஸ் ஆக்சிமீட்டர்) தோற்றம் சுவையானது. ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி, குருதியில் செலுத்திய சாயத்தை ஒளிகொண்டு அளந்து இதயம் வெளியேற்றும் குருதியின் அளவைக் கணிக்க முயன்றுகொண்டிருந்தார். நாடித் துடிப்பினால் வரைவில் எழுந்த அலைவுகள் அம்முயற்சிக்கு இடைஞ்சலாக இருந்தன. அவ்விடைஞ்சலை நீக்க முயன்றபோது, குருதியின் ஆக்சிசன் நிலை அந்த அலைவுகளிலேயே பொதிந்துள்ளதை அவர் உணர்ந்தார். 1974 இல் இக்கருத்து வெளியானது. கோவிட்-19 பெருந்தொற்றால் இக்கருவி வீட்டுப் பொருளாக மாறிய 2020 ஆம் ஆண்டின் ஏப்ரலில் அவர் காலமானார்.

இயங்கும் முறை

இதயத் தசை சுருங்கும்போது தோலின் மேற்பரப்பில் ஏறத்தாழ ஒரு மில்லிவோல்ட்டு அளவிலான மின்னழுத்த வேறுபாடு தோன்றுகிறது. இரண்டு இடங்களில் மின்முனைகளைப் பொருத்தி இதனை மிகைப்படுத்தினால் இதய மின்வரைவு கிடைக்கும். கைக்கடிகாரத்தில் ஒரு மின்முனை அடிப்புறத்தில் மணிக்கட்டைத் தொட்டிருக்கும். மற்றொன்றை மறு கையின் விரலால் தொட வேண்டும். மின்சுற்று இதயத்தின் குறுக்கே அமைய வேண்டும் என்பதே இதன் காரணம். ஆகவே இவ்வகைக் கடிகாரம், அணிந்தவர் விரல் வைக்கும் அரை நிமிடத்துக்கு மட்டுமே மின்வரைவைத் தருகிறது.

நாள் முழுவதும் துடிப்பை எண்ணுவது ஒளிமுறை ஆகும். கடிகாரத்தின் அடிப்புறத்தில் ஒளிரும் பச்சை விளக்குகள் இதற்கானவை. இதயம் சுருங்கும் ஒவ்வொரு முறையும் தோலடிக் குருதிக் குழாய்கள் சற்றுப் புடைக்கின்றன. அப்போது கூடுதல் ஒளி உறிஞ்சப்பட்டு, திரும்பி வரும் ஒளி குறைகிறது. இக்குறைவைக் கொண்டே துடிப்பு எண்ணப்படுகிறது. கை அசையும்போதும் குருதி நகர்வதால், அசைவையும் துடிப்பையும் பிரித்தறிய முடுக்கமானியின் துணை தேவைப்படுகிறது.

ஆக்சிசன் அளவுக்கு இரு நிற ஒளிகள் பயன்படுகின்றன. ஆக்சிசன் ஏற்ற ஈமோகுளோபின், ஏறத்தாழ 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளியைக் குறைவாகவும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியை மிகுதியாகவும் உறிஞ்சும். ஆக்சிசன் இழந்த ஈமோகுளோபினின் நடத்தை இதற்கு மாறானது. துடிக்கும் பகுதியின் உறிஞ்சல் விகிதத்தை இரு நிறங்களிலும் ஒப்பிட்டால் ஓர் எண் கிடைக்கும். அந்த எண் எத்தனை விழுக்காட்டைக் குறிக்கிறது என்பதற்குத் துல்லியமான கோட்பாட்டு வாய்பாடு இல்லை. நலமுள்ள தன்னார்வலர்களைக் குறைந்த ஆக்சிசன் கலந்த காற்றை மூச்சுவாங்கச் செய்து, அவர்களின் நிறைவை 70 விழுக்காடு வரை படிப்படியாக இறக்கி, ஒவ்வொரு படியிலும் தமனிக் குருதியை எடுத்துச் சோதித்து அட்டவணை ஒன்று உருவாக்கப்படுகிறது. விரற்கவ்வி செய்வது இந்த அட்டவணையைப் பார்த்துச் சொல்வது மட்டுமே.

தோல் நிறமும் அளவுப் பிழையும்

தோலில் உள்ள மெலனின் நிறமியும் ஒளியை உறிஞ்சுகிறது. துடிக்காத பகுதியின் உறிஞ்சல் கணக்கில் இருந்து கழிந்துவிடும் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. முழுமையாகக் கழிவதில்லை என்பதற்கான சான்றுகள் 1990 முதலே வெளிவந்தபோதிலும் அவை பெரிய கவனத்தைப் பெறவில்லை. 2020 டிசம்பரில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு நிலையை மாற்றியது. ஆக்சிசன்மானி 92 முதல் 96 விழுக்காடு வரை காட்டிய நேரங்களில், தமனிக் குருதியின் உண்மை நிறைவு 88 விழுக்காட்டுக்கும் கீழே இருந்தமை வெள்ளை நோயாளிகளிடம் 3.6 விழுக்காடாகவும் கறுப்பின நோயாளிகளிடம் 11.7 விழுக்காடாகவும் இருந்தது. அதாவது, கருமையான தோலுடையோரிடம் ஆபத்து மறைந்திருக்கும் வாய்ப்பு மூன்று மடங்கு.

பெருந்தொற்றுக் காலத்தில் தமிழ்நாட்டின் இல்லங்களிலும் இக்கருவி காட்டிய 94 விழுக்காட்டை ஒட்டிய எல்லையே மருத்துவமனைக்குச் செல்வதா வீட்டில் இருப்பதா என்பதைத் தீர்மானித்தது. நல்ல கருவியிலும் ஏறத்தாழ மூன்றில் இரு அளவீடுகளே உண்மையில் இருந்து 2 அல்லது 3 விழுக்காட்டுப் புள்ளிகளுக்குள் அமையும் என்பதைக் கருத்தில் கொண்டால், 94 என்ற எண்ணின் பின்னால் 91ம் இருக்கலாம், 97ம் இருக்கலாம். தோல் நிறம் மட்டுமன்றி, குளிர்ந்த விரல், நகப்பூச்சு, கருமையாக ஏறிய மருதாணி, தளர்ந்த கவ்வி ஆகியனவும் அளவைப் பிறழச் செய்யும். ஒரு தனி எண்ணைவிட அதே விரலில் அதே கருவியால் பல முறை எடுத்த அளவுகளின் போக்கு பயன்மிக்கது என மருத்துவர்கள் அறிவுறுத்துவது இதனாலேயே.

அமெரிக்க உணவு, மருந்து நிருவாகத்தின் 2013 ஆம் ஆண்டு வழிகாட்டுதல், சோதனையில் பங்கேற்போருள் கருமையான தோலுடையோர் குறைந்தது இருவரோ 15 விழுக்காட்டினரோ இருந்தால் போதும் எனக் கூறியது. பத்துப் பேரைக் கொண்ட சோதனைக்கு இருவர் போதும் என்பதே இதன் பொருள். 2025 சனவரியில் வெளியான வரைவு வழிகாட்டுதல், பல்வேறு தோல் நிறங்களைச் சேர்ந்த குறைந்தது 150 பேரைச் சோதிக்கப் பரிந்துரைக்கிறது. மாநிறம் முதல் கருமை வரை பல நிறத் தோல்களைக் கொண்ட தமிழ் மக்களுக்கு இது பிற நாட்டுச் செய்தி அன்று.

எனினும் எல்லா ஒளியுணரிகளையும் ஒன்றாகக் கருதுதல் கூடாது. மணிக்கட்டு இதயத் துடிப்புமானிகளை 53 பேரிடம் ஒப்பிட்டு 2020 இல் வெளியான ஆய்வொன்று, துடிப்பு எண்ணுவதில் தோல் நிறங்களுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை. மாறாக, உடல் அசைவின்போது பிழை கூடுவதையே கண்டது. துடிப்பை எண்ணுவதற்கு அலையின் நேரம் தெரிந்தால் போதும்; ஆக்சிசனைக் கணிக்க அலையின் உயரம் சரியாகத் தெரிய வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடு இங்கேயே உள்ளது.

தொடர் குளுக்கோசு கண்காணிப்பு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையின் மதராசு நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இணைந்து நடத்தி 2023 இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியாவில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேர் நீரிழிவு உடையோர். அணியுணரிகள் இந்நாட்டில் மிகுதியாகப் பயன்படக்கூடிய துறை இது.

தொடர் குளுக்கோசு உணரி, மேற்கையில் அல்லது வயிற்றில் ஒட்டப்படும் நாணய அளவிலான வில்லை ஆகும். மயிரிழை போன்ற மின்முனை ஒன்று தோலுக்கடியில் சில மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கும். அதன் மேல் பூசிய குளுக்கோசு ஆக்சிடேசு நொதி, குளுக்கோசுடன் வினைபுரியும்போது உண்டாகும் மின்னோட்டம் அளக்கப்படுகிறது. இவ்வுணரி தொடுவது குருதியை அன்று. உயிரணுக்களைச் சூழ்ந்துள்ள இடைத்திசுப் பாய்மத்தை. குருதியில் ஏற்படும் மாற்றம் இப்பாய்மத்தை அடையச் சில நிமிடங்கள் ஆகும். சர்க்கரை விரைவாக இறங்கும் வேளையில் இத்தாமதம் பொருட்படுத்தத்தக்கது. ஆதலால் உடலில் தாழ்சர்க்கரை அறிகுறிகள் தோன்றியும் கருவி இயல்பளவு காட்டினால், விரல் நுனிக் குருதியைச் சோதிப்பதே முறை.

உணவுப் பழக்கத்தை ஆராய இவ்வுணரி எவ்வாறு உதவும் என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. மேற்கூறிய அறக்கட்டளையைச் சேர்ந்த வி. மோகன் உள்ளிட்ட ஆய்வாளர்கள், உடல் எடை மிகுந்த 15 பேருக்கு வெள்ளை அரிசி, தவிடு நீக்காத பழுப்பு அரிசி, பயறு சேர்த்த பழுப்பு அரிசி ஆகிய உணவுகளை ஒவ்வொரு முறையும் ஐந்து நாட்கள் வழங்கி, தொடர் குளுக்கோசு உணரியால் கண்காணித்தனர். 2014 இல் வெளியான முடிவின்படி, வெள்ளை அரிசியுடன் ஒப்பிடுகையில் 24 மணி நேரக் குளுக்கோசு ஏற்றம் பழுப்பு அரிசியால் 19.8 விழுக்காடும், பயறும் சேர்ந்தபோது 22.9 விழுக்காடும் குறைந்தது. விரல் நுனியை ஒரு நாளில் சில முறை குத்திப் பார்ப்பதால் இவ்வளவு முழுமையான வரைவு கிடைத்திராது. பங்கேற்றோர் எண்ணிக்கை சிறிது என்பதும் உண்மை. ஆயினும் சோறு உண்ணும் மக்களிடம், அவர்கள் உண்ணும் உணவைக் கொண்டே செய்யப்பட்டது இவ்வாய்வின் சிறப்பு.

ஊசி இன்றியே குளுக்கோசை அளக்கும் முயற்சிகளின் வரலாறு பெரிதும் தோல்விகளின் வரலாறு ஆகும். சிறு மின்னோட்டத்தால் தோல் வழியே பாய்மத்தை இழுத்துச் சோதித்த குளுக்கோவாட்ச் என்ற கைக்கடிகாரம் 2001 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. தோல் எரிச்சல் உள்ளிட்ட குறைகளால் நிலைக்கவில்லை. கண்ணீரில் உள்ள குளுக்கோசை அளக்கும் தொடுவில்லையைக் கூகிள் 2014 இல் அறிவித்தது. கண்ணீர் அளவுக்கும் குருதி அளவுக்கும் நம்பத்தக்க தொடர்பு கிட்டாமையால் அதன் துணை நிறுவனமான வெரிலி 2018 இல் அத்திட்டத்தை நிறுத்தியது. தோலைத் துளைக்காமல் சர்க்கரையை அளப்பதாக விற்கப்படும் கடிகாரங்களையும் மோதிரங்களையும் பயன்படுத்த வேண்டா என அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அவ்வாறான எந்தக் கருவிக்கும் தான் ஒப்புதல் அளிக்கவில்லை என்றும் அது தெரிவித்தது. இத்தகைய கடிகாரங்கள் மலிவு விலையில் இணையவழிக் கடைகளில் விளம்பரப்படுத்தப்படுகின்றன. பொய்யான எண்ணை நம்பி இன்சுலின் அளவைக் கூட்டுவோர் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

வெப்பமும் வியர்வையும்

வியர்வையில் உள்ள சோடியம், பொட்டாசியம், லாக்டேட்டு, குளுக்கோசு ஆகியவற்றை ஒரே நேரத்தில் அளக்கும் நெகிழ்வான பட்டையைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் (பெர்க்லி) ஆய்வாளர்கள் 2016 இல் வெளியிட்டனர். வியர்வைக் குளுக்கோசு, குருதி அளவில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கே இருக்கும். வியர்க்கும் வேகத்தைப் பொறுத்து மாறவும் செய்யும். ஆகவே சர்க்கரையைவிட, உடல் இழக்கும் உப்பையும் நீரையும் அறிவதிலேயே வியர்வை உணரிகளுக்கு எதிர்காலம் உள்ளதாகத் தோன்றுகிறது.

இது தமிழ்நாட்டுக்கு நேரடித் தொடர்புடையது. சென்னை போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தின் வித்யா வேணுகோபாலும் குழுவினரும் உப்பளம், செங்கற்சூளை, எஃகு ஆலை, வயல் முதலிய பணியிடங்களில் வெப்பத்தின் விளைவுகளைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகின்றனர். தமிழ்நாட்டில் 800 கருவுற்ற பெண்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2024 இல் வெளியான அவர்களின் ஆய்வு, வெப்பம் மிகுந்த சூழலில் உழைத்தோரிடம் கருச்சிதைவு வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு இருந்ததைக் காட்டியது. வெப்பத்தால் சிறுநீரகம் பாதிக்கப்படுவதையும் இக்குழு ஆராய்ந்துள்ளது.

இத்தகைய ஆய்வுகளில் பணியிட வெப்பம், காற்றின் ஈரப்பதம், கதிர்வீச்சு வெப்பம் ஆகியவற்றை இணைத்துக் கூறும் ஈரக்குமிழ் உருண்டை வெப்பநிலை என்னும் அளவு பயன்படுகிறது. திறந்த வெளியில் இயற்கை ஈரக்குமிழ் வெப்பநிலைக்கு 70 விழுக்காடும், கரிய உருண்டை வெப்பநிலைக்கு 20 விழுக்காடும், காற்றின் வெப்பநிலைக்கு 10 விழுக்காடும் இதில் இடம் தரப்படும். ஆயினும் இது இடத்தின் வெப்பம். ஆளின் வெப்பம் அன்று. நெய்வேலியின் திறந்தவெளிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களிலும், அருகில் உள்ள குள்ளஞ்சாவடி, குறிஞ்சிப்பாடி ஊர்ப்புறத்து வயல்களிலும் முந்திரித் தோப்புகளிலும் கத்திரி வெயிலில் வேலை செய்யும் இருவருள் ஒருவர் தாங்கிக்கொள்ளலாம், மற்றவர் மயங்கி விழலாம். நீண்ட நேர உழைப்பின்போது உடலின் உள்வெப்பநிலை 38 பாகை செல்சியசைத் தாண்டக்கூடாது என உலக சுகாதார அமைப்பின் 1969 ஆம் ஆண்டு அறிக்கை பரிந்துரைத்தது. அந்த உள்வெப்பநிலையைச் சரியாக அறிய மலக்குடல் வெப்பமானியோ விழுங்கும் மாத்திரை உணரியோ வேண்டும். தோல் வெப்பம், இதயத் துடிப்பு ஆகியவற்றில் இருந்து அதனைக் கணிக்கும் அணியுணரிகள் உருவாகி வருகின்றன. ஆனால் வியர்வையில் ஒட்டுப்பசை நழுவுவதும், வெயில் நேரே படும்போது தோல் வெப்பம் உள்வெப்பத்தைக் காட்டாமல் வெயிலையே காட்டுவதும் எளிதில் தீராத இடர்ப்பாடுகள். குளிரூட்டப்பட்ட ஆய்வகத்தில் மிதிவண்டி மிதித்தவரிடம் சரிபார்த்த கருவியை அறுவடைக் களத்தில் அப்படியே நம்ப இயலாது.

சென்னையில் உருவான கருவிகள்

இந்தியத் தொழில்நுட்பக் கழகம் சென்னையும் நடுவண் அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் இணைந்து, தரமணியில் உள்ள ஆய்வுப் பூங்காவில் 2011 இல் நலத்தொழில்நுட்பப் புத்தாக்க மையத்தை நிறுவின. பெருந்தொற்றுக் காலத்தில் இம்மையம் ஹெலிக்சான் என்ற சென்னை நிறுவனத்துடன் சேர்ந்து, உடல் வெப்பநிலை, ஆக்சிசன் நிறைவு, மூச்சு வீதம், இதயத் துடிப்பு ஆகிய நான்கையும் தொலைவில் இருந்தே கண்காணிக்கும் விரற்கருவியை உருவாக்கியது. தொற்றுடையவரின் அறைக்குள் செவிலியர் அடிக்கடி செல்வதைக் குறைப்பது இதன் நோக்கம். இம்மையத்தின் ஆர்ட்சென்சு என்னும் மற்றொரு கருவி, படம் எடுக்காமலே மீயொலியைக் கொண்டு கழுத்துத் தமனியின் விறைப்பை அளக்கிறது. இது அணியும் கருவி அன்று. எனினும் பெரிய மருத்துவமனையில் மட்டும் இயன்ற சோதனையை ஊர்ப்புறத்துக்கு எடுத்துச் செல்லும் அதே நோக்கம் உடையது.

தோலை ஒத்த மின்னணுவியல்

சிலிக்கான் சில்லு விறைப்பானது; தோல் மடங்கி நீளும். இம்முரண்பாட்டைத் தீர்க்க, சிலிக்கானை மிக மெல்லிய பாம்புவளைவு இழைகளாக்கி, பச்சை குத்தியது போல் தோலில் ஒட்டும் முறையை ஜான் ரோஜர்சு குழுவினர் 2011 இல் வெளியிட்டனர். டோக்கியோவின் தகாவோ சோமேயா குழுவினர் 2017 இல், வியர்வையும் காற்றும் புகுந்து செல்லும் நுண்வலை மின்முனைகளை உருவாக்கினர். வெப்ப நாடுகளுக்கு இது குறிப்பாக ஏற்றது. குறைமாதக் குழந்தைகளின் மெல்லிய தோலைப் புண்படுத்தும் கம்பிகளுக்கும் பசைகளுக்கும் மாற்றாகக் கம்பியில்லா ஒட்டுணரிகளை ரோஜர்சு குழுவினர் 2019 இல் அறிவித்தனர்.

பொய் எச்சரிக்கைகளும் ஒழுங்குமுறையும்

நோயற்ற பலரைக் கண்காணித்தால் பொய் எச்சரிக்கைகளும் தவிர்க்க இயலாதவை. கைக்கடிகாரம் வழி ஒழுங்கற்ற இதயத் துடிப்பைக் கண்டறியும் ஆப்பிள் நிறுவனத்தின் ஆய்வில் 4,19,297 பேர் பங்கேற்றனர். 2019 இல் வெளியான முடிவின்படி எச்சரிக்கை பெற்றோர் 0.52 விழுக்காடு. 40 வயதுக்குட்பட்டோரில் இது 0.16 விழுக்காடு, 65 வயதும் அதற்கு மேலும் ஆனோரில் 3.1 விழுக்காடு. எச்சரிக்கைக்குப் பின் ஒட்டுப்பட்டை அணிந்து திருப்பி அனுப்பிய 450 பேரில் 34 விழுக்காட்டினரிடமே மேலறை நடுக்கம் பதிவானது. இந்நோய் வந்து வந்து போகும் இயல்புடையது என்பதால் மற்றவர்களின் எச்சரிக்கை எல்லாம் பொய் என்றும் கொள்ள இயலாது.

இந்தியாவில் 2017 ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிகளும், 2020 ஏப்ரல் 1 முதல் மருத்துவக் கருவிகள் அனைத்தையும் மருந்துச் சட்டத்தின் கீழ்க் கொணர்ந்த அறிவிப்பும் இத்துறைக்குப் பொருந்தும். ஆயினும் "நல்வாழ்வுக் கருவி" என்ற பெயரில், "மருத்துவப் பயன்பாட்டுக்கு அன்று" என்ற சிறு எழுத்துக் குறிப்புடன் விற்கப்படும் கடிகாரங்கள், அதே பெட்டியின் முகப்பில் ஆக்சிசன் அளவையும் குருதி அழுத்தத்தையும் பெரிய எழுத்தில் விளம்பரப்படுத்துவதைக் காணலாம். சேகரிக்கப்படும் உடல்நலத் தரவுகள் 2023 ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வரம்புக்குள் வருகின்றன. அச்சட்டம் உடல்நலத் தரவுகளுக்கெனத் தனியான உயர்நிலைப் பாதுகாப்பு வகை எதனையும் வகுக்கவில்லை.